புளிப்பின் பெயரில் ஒரு வாயு

தாஷ்கெண்டில் அச்சான வேதியியல் பாடநூலில் ஆக்சிஜனின் பெயர் கிஸ்லரோத். பிஷ்கெக்கில் அது கிச்கில்தெக். பிஷ்கெக்கிலிருந்து சாலை வழியே அரை நாளுக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய அல்மாத்தியில் ஒத்தெகி. காஸ்பியன் கடலைத் தாண்டி பாகு நகருக்குப் போனால் ஒக்சிகென், இன்னும் மேற்கே இஸ்தான்புல்லில் ஒக்சிஜென். உஸ்பெக், கிர்கிஸ், கஜக், அஜர்பைஜானி, துருக்கி ஆகிய ஐந்தும் ஒரே துருக்கிய மொழிக் குடும்பத்துப் பிள்ளைகள். கல், கண், தண்ணீர் போன்றவற்றுக்கு இவை வைத்திருக்கும் சொற்களை அடுத்தடுத்து ஒலித்துப் பார்த்தால் உறவு உடனே புரிந்துவிடும். காற்றில் ஐந்தில் ஒரு பங்காக நிற்கும் வாயு என்று வரும்போது மட்டும் ஆளுக்கொரு பெயர்.

ஸ்லாவிய மொழிகளிலும் இதே கதைதான். ஸாக்ரெப் நகரத்தவரும் பெல்கிரேடு நகரத்தவரும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே மணிக்கணக்கில் பேசிக்கொள்ள முடியும். ஆனால் குரோஷிய மாணவனுக்கு நைட்ரஜன் என்பது துஷிக். செர்பிய மாணவனுக்கு அஸோத். போலந்துக்காரர் ஆக்சிஜனைச் சொல்லும் த்லென் என்ற சொல், அடுத்த வீட்டுச் செக் மொழியிலும் இல்லை, ரஷ்ய மொழியிலும் இல்லை.

இந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அறிவியல் சொல்லின் பயணத்தில் மொழிக் குடும்பத்துக்குப் பெரிய பங்கில்லை. எந்த ஊரில் எழுதிய பாடநூல், எந்த அரசின் பள்ளிக்கூடத்தில், எந்த ஆண்டில் நுழைந்தது என்பதுதான் பெயரைத் தீர்மானித்தது. தூய தாய்மொழிச் சொல் என்று கொண்டாடப்படுகிறவற்றில் பல, பாரிஸில் பிறந்த ஒரு கருத்தை அதன் பிழையோடு சேர்த்துக் கடன் வாங்கியவை.

பிழையிலிருந்தே தொடங்கலாம். 1787இல் கித்தோன் த மொர்வோ, லவாசியே, பெர்தோலே, ஃபூர்குரோவா என்ற நான்கு பிரெஞ்சு வேதியியலாளர்கள் புதிய பெயரிடு முறையைப் புத்தகமாக வெளியிட்டார்கள். அதுவரை பொருள்களுக்கு இருந்த பெயர்கள் ரசவாதிகளின் பட்டறையிலிருந்தும் மருந்துக்கடைகளிலிருந்தும் வந்தவை. பெயரைப் பார்த்துப் பொருளின் சேர்மானத்தை அறிய வழியில்லை. பெயரே சேர்மானத்தைச் சொல்ல வேண்டும் என்பது இவர்களின் கொள்கை. காற்றில் எரிதலுக்கு உதவும் பகுதியை ஷேலேயும் பிரீஸ்ட்லியும் முன்பே பிரித்தெடுத்திருந்தார்கள். கந்தகமும் பாஸ்பரசும் எரிந்து உண்டாகும் பொருள்கள் நீரில் கரைந்து அமிலமாவதைக் கண்ட லவாசியே, எல்லா அமிலங்களுக்கும் இந்த வாயுவே மூலம் என்று நம்பினார். கிரேக்கத்தில் ‘ஒக்சிஸ்’ என்றால் கூர்மை, புளிப்பு. அதோடு பிறப்பிப்பதைக் குறிக்கும் ‘கெனெஸ்’ சேர்ந்து ஒக்சிஜேன் ஆனது: புளிப்பைப் பிறப்பிப்பது.

1810 வாக்கில் லண்டனில் ஹம்ஃப்ரி டேவி குளோரின் ஒரு தனிமம் என்று நிறுவினார். அப்படியானால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் துளியும் இல்லை. லவாசியே அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1794 மே 8 அன்றே புரட்சி நீதிமன்றம் அவரைக் கில்லட்டினுக்கு அனுப்பிவிட்டது. கோட்பாடு சரிந்தது, பெயர் நின்றது. அது ஏற்கெனவே எல்லை தாண்டிப் போய்விட்டிருந்தது.

எல்லை தாண்டிய விதம் இரண்டு. ஒலியை அப்படியே எடுத்துக்கொள்வது ஒன்று. ஆங்கிலமும் துருக்கியும் செய்தது அது. பொருளை மட்டும் எடுத்து உள்ளூர் வேர்களால் மறுபடி கட்டுவது மற்றொன்று. ஜெர்மானியர் ‘ஸாவர்ஷ்டோஃப்’, அதாவது புளிப்புப் பொருள் என்று கட்டினார்கள். (நம் ‘அமிலம்’ என்ற சொல்லும் புளிப்பைக் குறிக்கும் வடசொல் வழியே வந்ததுதான்.) பார்வைக்கு இரண்டாவது வகைச் சொல் சொந்தச் சொல் போலவே இருக்கும். ஆனால் ஒலிக்கடன் எடுத்தவர்களைவிடப் பொருட்கடன் எடுத்தவர்களே லவாசியேயின் பிழையை முழுதாகச் சுமந்தார்கள். கிரேக்கம் அறியாதவருக்கு ஆக்சிஜன் என்ற ஒலியில் புளிப்பு தெரியாது. ரஷ்யச் சிறுவனுக்குக் கிஸ்லரோத் என்று சொன்னவுடன் நாக்கில் புளிப்பு தட்டும்.

அந்த ரஷ்யச் சொல்லின் முற்பாதி, ‘கிஸ்லி’, புளித்தது என்று பொருள்படும். பிற்பாதியான ‘ரோத்’ பிறப்பு, குலம். அமிலத்துக்குக் ‘கிஸ்லதா’ என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தவர் ரஷ்ய அறிவியலாளர் லமனோசவ். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கிஸ்லத்வோர்’, புளிப்பைப் படைப்பது, என்ற போட்டிச் சொல்லும் புழங்கியது. ஹைட்ரஜனுக்கு வதரோத், அதாவது நீரைப் பிறப்பிப்பது, என்ற பெயரை 1824இல் முன்மொழிந்தவர் மிகயில் சலவியோவ். இந்தச் சொற்களைப் பள்ளிகளில் நிலைநிறுத்தியது 1831இல் வெளிவரத் தொடங்கிய ஹெஸ்ஸின் வேதியியல் பாடநூல். ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவில் வளர்ந்தவர் ஹெஸ். வெப்ப வேதியியலில் இன்றும் அவர் பெயரில் ஒரு விதி இருக்கிறது. அந்தப் பாடநூல் பல பதிப்புகள் கண்டது. மெண்டலேயெவின் நூல் வரும்வரை ரஷ்ய மாணவர்கள் வேதியியலை அதில்தான் படித்தார்கள். ‘ரோத்’ என்று முடியும் அச்சு ஒன்று ரஷ்யத்தில் உறுதியாயிற்று. பின்னாளில் மத்திய ஆசியா வரை போனது அந்த அச்சுதான்.

செக் மொழியின் கதையை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் பிராகாவில் அறிவியல் என்றால் ஜெர்மன். செக் மொழி நாட்டுப்புறத்தாரின் பேச்சு, அதில் வேதியியல் சொல்லித்தர முடியாது என்று நம்பியவர்கள் செக்கியர்களிலேயே நிறைய இருந்தார்கள். மருத்துவமும் தாவரவியலும் கற்ற யான் ஸ்வதோப்லுக் ப்ரெஸ்ல் அந்த நம்பிக்கையை ஒரு புத்தகத்தால் எதிர்த்தார். 1828இல் அவருடைய செக் வேதியியல் நூலின் முதல் பகுதி வந்தது. தனிமங்களின் பெயர்களுக்கு ‘ஈக்’ என்ற ஒரே விகுதி: ஆக்சிஜன் கிஸ்லீக், ஹைட்ரஜன் வொதீக், கார்பன் உஹ்லீக். நைட்ரஜனுக்குத் துசீக், மூச்சைத் திணறடிப்பது என்பது அதன் வேர்ப்பொருள்.

அவர் அத்தோடு நிற்கவில்லை. வண்ணம் தருவதால் குரோமியம் பர்வீக் ஆனது. எலும்பில் இருப்பதால் பாஸ்பரஸ் கொஸ்தீக், கடற்பாசியில் கிடைப்பதால் அயோடின் ஹலுஸீக். கோபால்ட் என்ற ஜெர்மன் பெயருக்குப் பின்னால் சுரங்கத் தொழிலாளரை ஏய்க்கும் குட்டிச்சாத்தான் இருப்பதை அறிந்து, பேயைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து தியாசீக் என்று வைத்தார். யுரேனசின் பெயரைத் தாங்கிய யுரேனியத்துக்கு வானத்திலிருந்து நெபெஸ்னீக். ஒவ்வொன்றிலும் பொருளின் வரலாற்றையோ குணத்தையோ தேடிப் பிடித்திருக்கிறார். இவ்வளவு அன்போடு ஒரு மொழிக்குத் தனிமங்களைப் பெயரிட்டுத் தந்தவர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

மேற்சொன்ன ஐந்தும் இன்று வழக்கில் இல்லை. கிஸ்லீக், வொதீக், துசீக், உஹ்லீக் நிற்கின்றன. சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் ஆகியவற்றுக்கும் ‘ஈக்’ பெயர்களே நிற்கின்றன. காரணம் புழக்கம் என்றே நினைக்கிறேன். மண்ணிலும் சாம்பலிலும் சுண்ணாம்பிலும் உப்பிலும் அன்றாடம் கைபடும் தனிமங்களின் பெயர்கள் ஆசிரியர் வாயிலும் மருந்துக்கடைக்காரர் வாயிலும் வந்துகொண்டே இருந்தன. குரோமியத்தையும் யுரேனியத்தையும் பற்றிப் பேசியவர்கள் சிலர். அவர்கள் ஜெர்மன் ஆய்விதழ் படிப்பவர்கள். உலகப் பெயரே அவர்களுக்கு வசதியாக இருந்தது.

நிலைத்த பெயர்களின் மேல் செக் மொழி பிறகு எழுப்பிய கட்டடம் வியப்பானது. ஒரு தனிமம் எத்தனை இணைதிறனோடு சேர்ந்திருக்கிறது என்பதைச் செக் மொழியில் பெயரடையின் விகுதியே சொல்லிவிடும். இரும்பு இரண்டு இணைதிறனில் இருந்தால் ஷெலெஸ்னதீ, மூன்றில் இருந்தால் ஷெலெஸிதீ. ஒன்று முதல் எட்டு வரை எண்களுக்கு ஒன்பது விகுதிகள். ஐந்துக்கு மட்டும் இரண்டு. செக் பள்ளிப் பிள்ளைகள் இவற்றை வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். ரோமன் எண்ணை அடைப்புக்குறிக்குள் போட வேண்டிய வேலை அங்கே இல்லை. ஆக்சைடுக்கு இருந்த ‘கிஸ்லிச்னீக்’ என்ற பழைய சொல் 20ஆம் நூற்றாண்டில் ‘ஒக்சித்’துக்கு வழிவிட்டது, விகுதி அமைப்பு மாறவில்லை. உலகச் சொல்லும் உள்ளூர் இலக்கணமும் சண்டையின்றி ஒரே தொடரில் நிற்கின்றன.

பிராகாவின் சொற்கள் தெற்கே போனதற்குக் காரணமானவர் பொகோஸ்லாவ் ஷூலெக். ஸ்லோவாக் மண்ணில் பிறந்து ஸாக்ரெப்பில் குடியேறியவர். 1874-75இல் குரோஷிய அறிவியல் சொல்லகராதியை வெளியிட்டார். ஜெர்மன் அல்லது லத்தீன் சொல்லைவிட இன்னொரு ஸ்லாவிய மொழியின் சொல் மேல் என்பது அவர் எண்ணம். இன்று குரோஷியத்தில் கிசிக், வோதிக், துஷிக் என்று வரிசையாக நிற்பவை அந்தச் செக் அச்சின் வார்ப்புகள். செர்பியர் அதே வேர்களிலிருந்து கிசெயோனிக், வோதோனிக் என்று வேறு விகுதி வைத்தார்கள். நைட்ரஜனுக்கு மட்டும் பிரெஞ்சு வழி அஸோத். யூகோஸ்லாவியா சிதறிய பின் இந்தச் சிறு வேறுபாடுகளும் தனி மொழி என்பதற்கான சான்றுகளாகக் காட்டப்பட்டன. பல்கேரியரும் மாசிடோனியரும் ரஷ்யக் கிஸ்லரோத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

போலந்தில் நடந்தது வேறு. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். வில்னா பல்கலைக்கழகத்தின் யென்ஜெய் ஷ்னியாதெட்ஸ்கி 1800இல் போலிஷ் மொழியின் முதல் பெரிய வேதியியல் பாடநூலை வெளியிட்டார். அதில் ஆக்சிஜன் ‘க்வாசொருத்’, புளிப்பைப் பிறப்பிப்பது. மற்ற மொழிகளின் சொற்களைப் போல அதுவும் நிலைத்திருக்கலாம். ஆனால் 1851இல் யான் ஒச்சபோவ்ஸ்கி ‘த்லென்’ என்ற சொல்லை முன்வைத்தார். கனல்வதை, தணலாகக் கன்றுகொண்டிருப்பதைக் குறிக்கும் போலிஷ் வினைச்சொல்லிலிருந்து வந்தது அது. இங்கே புளிப்பு இல்லை. அந்த வாயு உண்மையில் செய்யும் வேலை இருக்கிறது. ஒரே அசைச் சொல் என்பதால் பிள்ளைகள் பெறுவதும் எளிதாயிற்று. ஆக்சைடு ‘த்லெனெக்’, ஆக்சிஜனேற்றம் ‘உத்லெனியானியே’. ஒரு கலைச்சொல் வாழுமா என்று கணிக்க விரும்புகிறவர்கள் அதன் அழகைப் பார்க்க வேண்டாம். அதிலிருந்து வினையும் பெயரடையும் எத்தனை எளிதில் பிறக்கின்றன என்று பார்த்தால் போதும்.

மருந்துக்கடையில் விற்கும் மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு புட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். புண்ணைக் கழுவப் பயன்படும் அதன் மேல் ரஷ்யாவில் ‘பெரெகிஸ் வதரோதா’ என்று இருக்கும். அதிலும் அதே புளிப்பு வேர். போலந்தில் ‘வோதா உத்லெனியோனா’, துருக்கியில் ‘ஒக்சிஜென்லி சு’. போலிஷ் பெயருக்கும் துருக்கிப் பெயருக்கும் பொருள் ஒன்றே: ஆக்சிஜனேற்றிய நீர். பிரெஞ்சுக்காரர் வீட்டில் சொல்லும் பெயரின் மொழிபெயர்ப்பு அது. ஒரு ஸ்லாவிய மொழியும் ஒரு துருக்கிய மொழியும் ஒன்றையொன்று பாராமலே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன, இருவருக்கும் ஆசான் பாரிஸ் என்பதால்.

துருக்கிக்குப் பாரிஸ் ஆசானானது 1839இல். அந்த ஆண்டு இஸ்தான்புல்லில் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தொடங்கிவைத்த மருத்துவப் பள்ளியில் பாடமொழி பிரெஞ்சு. தெர்விஷ் மெஹ்மெத் எமின் பாஷா 1848இல் துருக்கியில் ஒரு வேதியியல் நூல் எழுதினார். கிரிமியாவைப் பூர்விகமாகக் கொண்ட அஸீஸ் பெய் போன்ற இளம் மருத்துவர்கள் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று போராடி, 1870இல் பாடமொழியைத் துருக்கிக்கு மாற்றினார்கள். 1873இல் மருத்துவ அகராதியும் வந்தது. ஆனால் துருக்கி மொழிக்காகப் போராடியவர்கள் கலைச்சொற்களுக்கு அரபியிடமே போனார்கள். ஒஸ்மானிய அறிவாளருக்கு உயர்கல்விச் சொல் என்றால் அரபி வேர்தான். ஆக்சிஜன் ‘முவெல்லிதுல்ஹுமூஸா’ ஆனது. புளிப்பைப் பிறப்பிப்பது என்ற அதே பொருள். ஹைட்ரஜன் ‘முவெல்லிதுல்மா’. இவற்றிலிருந்து ஆக்சைடையும் ஆக்சிஜனேற்றத்தையும் பிறப்பிக்க முயன்றால் தொடர் வரி நீளத்துக்குப் போகும். 1928இல் லத்தீன் எழுத்தும் 1932இல் மொழிக் கழகமும் வந்த பிறகு அரபிச் சொற்கள் வரிசையாக நீக்கப்பட்டபோது இவையும் போயின. ஒக்சிஜெனும் ஹித்ரோஜெனும் நின்றன.

வடிவியலில் நடந்தது இதற்கு நேர்மாறு. துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் தாமே எழுதி 1937இல் பெயர் போடாமல் வெளிவந்த சிறு வடிவியல் நூலில் முக்கோணத்துக்கும் கோணத்துக்கும் துருக்கி வேரிலிருந்து பெயர்கள் கிடைத்தன. அவை இன்றும் ஒவ்வொரு துருக்கிப் பள்ளியிலும் புழங்குகின்றன. முக்கோணத்தைத் துருக்கியாக்கியவர்கள் ஆக்சிஜனைத் துருக்கியாக்காமல் விட்டது முப்பது ஆண்டுப் பிரெஞ்சு வகுப்பறையின் விளைவு என்பது என் கணிப்பு. துருக்கி உச்சரிப்பில் அந்தச் சொல்லின் நடு மெய் பிரெஞ்சு ஒலியாகவே இருக்கிறது. அஜர்பைஜானியில் அதே இடத்தில் ‘க’ ஒலி. அங்கே சொல் பிரெஞ்சின் நாவிலிருந்து நேரே வரவில்லை என்பதை அந்த ஒரு மெய்யெழுத்தே காட்டிக்கொடுக்கிறது.

1926 பிப்ரவரி, மார்ச்சில் பாகுவில் துருக்கியியல் மாநாடு கூடியது. லத்தீன் எழுத்துக்கு மாறுவதே அதன் பெரிய தீர்மானம் என்று நினைவுகூரப்படுகிறது. கலைச்சொற்களை எங்கிருந்து எடுப்பது என்பதும் அங்கே விவாதிக்கப்பட்டது. அரபி-பாரசீகமா, சொந்த வேரா, ஐரோப்பியச் சொல்லா? கஜகஸ்தானிலிருந்து அஹ்மெத் பைதுர்சினுலி வந்திருந்தார். கஜக் பள்ளிகளில் இன்றும் பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் வழங்கும் பெயர்கள் அவர் தந்தவை. கிரிமியத் தாத்தாரான பெகிர் சோபன்ஸாதேயும் அங்கே இருந்தார். 1937இல் இருவரையும் சோவியத் அரசு சுட்டுக் கொன்றது. கலைச்சொல் பற்றி எழுதும்போது இந்த ஆண்டைக் கடந்து போய்விட எனக்கு மனம் ஒப்பவில்லை. விவாதம் முடிவுக்கு வந்ததற்கு வாதங்கள் தீர்ந்துபோனது காரணமல்ல. வாதிட்டவர்கள் இல்லாமற் போனார்கள். 1938-40இல் சோவியத் நாட்டுத் துருக்கிய மொழிகளுக்குச் சிரிலிக் எழுத்து வந்தது. ரஷ்யச் சொற்களை ரஷ்ய எழுத்துக்கூட்டிலேயே எழுத வேண்டும் என்பது விதி. உஸ்பெக், துர்க்மென், தாத்தார், பாஷ்கிர் பாடநூல்களில் கிஸ்லரோத் இருக்கிறது.

கிர்கிஸும் கஜக்கும் வேறு வழி கண்டன. கிர்கிஸில் ‘கிச்கில்’ புளிப்பு, ‘தெக்’ குலம் அல்லது மூலம். ரஷ்யச் சொல்லின் இரண்டு பாதிகளையும் எடுத்து உள்ளூர் வேரில் வைத்திருக்கிறார்கள். ஹைட்ரஜன் சூதெக், கார்பன் கோமுர்தெக். கஜக்கிலும் சுதெகி, கோமிர்தெகி என்று அதே அச்சுதான். ஆக்சிஜனில் மட்டும் பாதை பிரிகிறது. கஜக்கில் அமிலத்துக்குக் ‘கிஷ்கில்’ என்ற சொல் கையில் இருந்தும் ஆக்சிஜனுக்கு அதைத் தொடவில்லை. ‘ஒத்’ என்றால் நெருப்பு; ஒத்தெகி நெருப்பின் மூலம். ஆக்சிஜனேற்றத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் ‘தொதிகு’ என்ற சொல், துருவைக் குறிக்கும் ‘தொத்’திலிருந்து வருகிறது. எரிவதும் துருப்பிடிப்பதும் ஒரே வினையின் வேகமான, மெதுவான வடிவங்கள் என்று வேதியியல் சொல்வதை இந்த இரண்டு சொற்களும் தம் வேரிலேயே வைத்திருக்கின்றன. வார்சாவும் அல்மாத்தியும் ஒன்றையொன்று கேட்காமல் லவாசியேயின் பிழையை விலக்கிவிட்டு நெருப்பைத் தேர்ந்திருக்கின்றன.

இவ்வளவு வேறுபாட்டுக்கு நடுவே இரு குடும்பங்களையும் இணைக்கும் சொல் அஸோத். ரஷ்யம், போலிஷ், செர்பியம், பல்கேரியம், துருக்கி, கஜக், கிர்கிஸ், உஸ்பெக் எல்லாவற்றிலும் நைட்ரஜனுக்கு அதே பெயர். 1787இன் அதே பிரெஞ்சுப் பட்டியலிலிருந்து வந்தது. உயிரற்றது என்பது கிரேக்கப் பொருள். உடலின் ஒவ்வொரு புரதத்திலும் இருக்கும் தனிமத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஆனால் பொருள் யாருக்கும் கேட்காததால் யாரையும் உறுத்தவில்லை. மாணவர்கள் அதன் குறியீடு மட்டும் ஏன் வேறெழுத்தில் தொடங்குகிறது என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு போய்விடுகிறார்கள்.

உக்ரைன் 1990களில் ஒரு புது வழியை எடுத்தது. அதன் பழைய சொல் கிசென், புளிப்பு வேரிலிருந்து வந்தது. 1994இல் வந்த தரநிலையில் தனிமத்துக்கு ஒக்சிஹென் என்ற உலகப் பெயரும், நாம் மூச்சிழுக்கும் வாயுவுக்குக் கிசென் என்ற பழைய பெயரும் தனித்தனியே வகுக்கப்பட்டன. நீரின் மூலக்கூறில் இருப்பது ஒக்சிஹென். சிலிண்டரில் அடைத்து மருத்துவமனைக்கு வருவது கிசென். அணுவின் வகையையும் பொருளையும் ஒரே சொல்லால் குறிப்பதால் எல்லா மொழி மாணவர்களும் படும் குழப்பம் இதனால் தீர்கிறது. பழைய ஆசிரியர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. அறிவியல் நோக்கில் இந்தப் பட்டியலிலேயே மிக நுட்பமான ஏற்பாடு இதுதான் என்பேன்.

சுதந்திரம் பெற்ற உஸ்பெகிஸ்தான் 1993இல் சட்டம் இயற்றி சிரிலிக்கை விட்டு லத்தீன் எழுத்துக்குத் திரும்பத் தொடங்கியது. சாலைகளின் பெயர்களும் நகரங்களின் பெயர்களும் பெருமளவில் மாறின. பள்ளிப் பாடநூலில் ஆக்சிஜன் இன்றும் கிஸ்லரோத்தான், லத்தீன் எழுத்தில்.